பயிற்சியும் பேச்சும்

திருப்பூர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, கொடி காத்த குமரனின் நினைவு, மற்றொன்று பனியன். 1932ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவ்வூர்த் தெருவிலே காவலர் தடியடிக்கு ஆளாகி, கையிற் பற்றிய கொடியை விடாமலே வீழ்ந்து உயிர் துறந்தவர் குமரன். அதற்கு ஏழு ஆண்டுகட்கு முன்னரே, 1925இல், பேபி நிட்டிங் என்னும் பெயரால் முதற் பின்னலாலை அங்கே தோன்றியது. இவ்விரண்டையும் மாணவர் யாவரும் அறிவர். நான் இன்று சொல்ல எண்ணுவது மூன்றாவதான ஒன்று. அந்த ஊர் தன் பிழைப்பின் பொருட்டு ஓர் அயல்மொழியை ஏறத்தாழ ஒரே தலைமுறையில் கற்றது. பள்ளிக்கூடம் தந்த ஆங்கிலமும் பட்டறை தந்த ஆங்கிலமும் அங்கே எதிரெதிர் நின்று, பின்னர் ஒன்றையொன்று நாடின. அந்தக் கதையைச் சொன்னால், உங்களிற் பலர் என்னிடம் கேட்கும் ஒரு வினாவுக்கு விடை கிடைக்கும்.

அந்த வினா இதுதான்: “ஆங்கிலம் வரவேண்டுமானால் இலக்கணப் பயிற்சி செய்ய வேண்டுமா, பேசிப் பழக வேண்டுமா?”

என் இளமையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1986ஆம் ஆண்டு. நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, ஆசிரியர் வேலை கிடைக்கும்வரை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கடிதம் எழுதும் பணியில் இருந்தேன். முதலாளி ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தையல் மிதித்துத் தொழில் கற்று, சொந்தமாக நான்கு மெஷின் போட்டு, படிப்படியாக மேலே வந்தவர். செருமனியிலிருந்து ஒரு வணிகர், தாம் கேட்டிருந்த சாம்பிள் உடைகள் அனுப்பப்பட்டனவா என்று டெலக்ஸ் வாயிலாக வினவியிருந்தார். துணி இன்னும் சாயப்பட்டறையில் கிடந்தது. மாலைக்குள் வந்துவிடும், இரவோடு இரவாகத் தைத்து மறுநாள் அனுப்பிவிடலாம் என்பது முதலாளியின் கணக்கு. அவர் என்னைப் பார்த்து, “தம்பி, அனுப்பியாச்சுன்னு எழுதிப் போடுங்க” என்றார். நானும் ‘வீ ஹாவ் ஷிப்டு’ என்று பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. சாயமேற்றிய துணியை வெயிலில் உலர்த்திய காலம் அது. துணி நான்கு நாள் கழித்து வந்தது. அங்கே சென்னைக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் ஒரு பொதி பறந்துகொண்டிருப்பதாக நம்பிய வணிகர், நாள்தோறும் விமான நிலையத்தில் விசாரித்திருக்கிறார். பொதி போய்ச் சேர்ந்தபோது அதிலிருந்த நாளை அவர் பார்த்தார். எழுதியது பொய் என்று முடிவு செய்தார். அந்த ஆர்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. முதலாளி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “நாம பொய் ஒண்ணும் சொல்லலீங்களே, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. வாயிலில் நின்று அழைப்பவருக்கு உள்ளே இருப்பவர் “இதோ வந்துவிட்டேன்” என்று விடை தருகிறார். அவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. எனினும் அது பொய்யன்று. விரைவும் உறுதியும் தோன்ற, எதிர்காலத்தில் நிகழவிருப்பதை இறந்தகாலத்தாற் சொல்லுதல் தமிழ் வழக்கு. பவணந்தி முனிவர் நன்னூலிலே இதனைக் கால வழுவமைதி என்று வகுத்து, விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களாற் காலம் மாறி வருவதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். முதலாளி பேசியது நன்னூல் ஒப்பிய தமிழ். நான் எழுதியது இலக்கண நூல் ஒப்பிய ஆங்கிலம். இரண்டிலும் பிழை இல்லை. இரண்டையும் இணைத்ததிலே பிழை நேர்ந்தது. ஆங்கிலத்தில் அந்த வினைவடிவம் நிகழ்ந்து முடிந்த ஒரு செயலுக்குச் சான்று கூறுவது போன்றது. ‘ஹாவ்’ என்று எழுதியவன் கையெழுத்திட்டவனுக்கு ஒப்பானவன்.

கல்லூரியில் நான் வினைக்காலங்களைப் பற்றிய பயிற்சிகளை நூற்றுக்கணக்கில் செய்தவன். கோடிட்ட இடங்களை நிரப்பி முழு மதிப்பெண்ணும் பெற்றவன். ஆயினும் அவ்வடிவத்தைக் கேட்கும் ஒரு மனிதன் என்ன நம்புவான், அதை நம்பி என்ன செய்வான் என்று ஒரு பயிற்சியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதலாளியோ, வெளிநாட்டார் நேரில் வந்தால் ‘டுமாரோ’, ‘ஓகே’, ‘நோ பிராப்ளம்’ என்னும் சில சொற்களைக் கொண்டே வணிகம் முடித்துவிடுவார். ஒரு வரி எழுத அவரால் இயலாது. என்னிடம் வடிவம் இருந்தது, பேச்சு இல்லை. அவரிடம் பேச்சு இருந்தது, வடிவம் இல்லை. எங்கள் இருவரையும் இப்படிப் பிரித்து வைத்தது எது? அதனை அறிய நாம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தமிழ் மண்ணிலே ஐரோப்பிய மொழிகளை முதலில் பழகியவர் மாணவர் அல்லர், துபாஷிகள். துபாஷி என்ற சொல்லுக்கே இருமொழியாளர் என்பது பொருள். சென்னைக் கோட்டையிலும் புதுச்சேரியிலும் வணிகக் கும்பினிகளுக்கும் நம் நாட்டாருக்கும் இடையே நின்று விலை பேசியவர் அவர்கள். புதுவையில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு உலகறிந்தது. துறைமுகத்திலும் கிடங்கிலும் நாள்தோறும் வழங்கிய பேச்சே துபாஷிகளுக்கு ஆசான். சொல் தவறினால் பொருள் நட்டம் என்பதே அவர்களுக்கு வாய்த்த தேர்வு.

பள்ளிகள் பின்னரே வந்தன. கோட்டைக்குள் 1715இல் தூய மரியாள் தருமப் பள்ளி ஐரோப்பியர் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. 1785ஐ ஒட்டித் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் நம் நாட்டுச் சிறுவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. சுவார்ட்சு பாதிரியார் அவற்றுக்குத் துணை நின்றார். இனி நான் சொல்லப்போவது சற்று வியப்பானது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றை ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் நடத்தலானார். ஒருநாள் நம் திண்ணைப் பள்ளி ஒன்றிலே சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியிலே புகுத்தினார். நம் ஊரில் சட்டாம்பிள்ளை என்போமே, அந்த ஏற்பாடுதான் அது. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலால் இம்முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆங்கிலேயக் குழந்தைகள் பலர் எழுத்தறிந்தது சட்டாம்பிள்ளை முறையால் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. ஒருவரோடொருவர் பேசிப் பயிலுதல் அயல்நாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமையன்று.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கிலாந்திலே வேறொரு மரபு உருவாயிற்று. அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து யார்க் நகரையடுத்துக் குடியேறிய லிண்ட்லி மரே, 1795இல் ஓர் ஆங்கில இலக்கணமும் 1797இல் அதற்குரிய பயிற்சி நூலும் வெளியிட்டார். அப்பயிற்சி நூலின் உத்தி எளியது. பிழையான வாக்கியங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். மாணவன் விதியை நினைவுகூர்ந்து அவற்றைத் திருத்த வேண்டும். அந்நூல்கள் எண்ணற்ற பதிப்புக் கண்டு, இந்தியப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தன. பெல் சென்னையிலிருந்து கொண்டுபோனது ஒருவன் மற்றொருவனுக்குச் சொல்லித் தரும் வகுப்பு. மரே நமக்கு அனுப்பியது தனியே அமர்ந்து பிழை தேடும் வகுப்பு. இரண்டாவதே நம்மிடம் நிலைத்தது. ஏன்?

காரணம் தேர்வும் வேலையும். 1835இல் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். ஆங்கிலக் கல்விக்கே அரசு பணம் செலவிடும் என்று பெண்டிங்கு பிரபு ஆணையிட்டார். 1839இல் சென்னை மாகாணத்தார் ஏறத்தாழ 70,000 பேர் உயர்கல்வி வேண்டி விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஆயிரக்கணக்கான மாணவரை ஒரே நாளில் அளக்க வேண்டுமாயின் எதைக் கொண்டு அளப்பது? பேச்சை அளக்க ஒவ்வொருவருக்கும் ஒரு தேர்வாளர் வேண்டும். வாக்கியப் பிழையை அளக்கத் தாளும் மையும் போதும். ஆகவே தாளில் அளக்கத்தக்கதே பாடமாயிற்று. அளக்க இயலாதது பாடமன்று என்றாயிற்று. சொல்லிலக்கணம் கூறுதல், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குதல், நேர்கூற்றை அயற்கூற்றாக்குதல் என்பன தலைமுறை தலைமுறையாக நம் வகுப்பறைகளில் வேரூன்றின. 1898இல் வெளிவந்த நெஸ்பீல்டின் இலக்கணமும், 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய உயர்நிலைப் பள்ளி இலக்கணமும் இம்மரபின் தூண்கள். ரென் என்பவர் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர், நாவலாசிரியர். அவர்கள் நூல் இன்றுவரை திருத்தப் பதிப்புகளாக வந்துகொண்டே இருக்கிறது. அதனைப் பழிப்பது என் நோக்கமன்று. நானும் அதில் வளர்ந்தவனே.

ஆயின் தேர்வுத்தாளின் அளவுகோல் எவ்வளவு குறுகியது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்த ஓர் இளைஞர், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தேர்ச்சி பெறாமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். அவர் கணித மேதை இராமானுஜன். 1913இல் அதே இளைஞர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஆங்கிலத்திலேதான் கடிதம் எழுதினார். தாம் யார், என்ன கண்டறிந்தார், என்ன வேண்டுகிறார் என்பதைப் படிப்பவருக்குப் புலப்படும்படி அதில் தெரிவித்தார். ஒரு தாளில் தோற்ற ஆங்கிலம் ஒரு மனிதரிடம் வென்றது. அங்கே அவர்முன் இருந்தது கோடிட்ட இடமன்று. பதில் எழுதக்கூடிய ஒருவர்.

விடுதலைக்குப் பின்னர் இந்நிலையை மாற்ற ஒரு பெருமுயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்தது. அயல்மொழியை விதியாலன்றி வாக்கிய அமைப்புகளால் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்து, சப்பானில் பணிபுரிந்த பாமர், ஹார்ன்பி முதலிய ஆங்கிலேய ஆசிரியர்களால் வளர்க்கப்பட்டது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே தாம் நடப்பதாகச் சொல்வார். மாணவர் கண்டு, கேட்டு, திருப்பிச் சொல்வர். பின்னர் ஒரே வாக்கியத்தில் சொற்களை மட்டும் மாற்றிப் பழகுவர். 1959இல் சென்னை மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் இணைந்து, தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை இம்முறையிற் பயிற்றத் திட்டமிட்டன. முதலில் சிலர் பயிற்சி பெற்று, அவர்கள் வேறு சிலர்க்குப் பயிற்சி தந்து, அவர்கள் இன்னும் பலர்க்குத் தருவது என்னும் ஏற்பாடு. உருட்ட உருட்டப் பெருகும் பனிக்கட்டி உருண்டையைப் போன்றது என்பதால் ‘மதராஸ் பனிப்பந்து’ என்று அதற்குப் பெயர் வந்தது. பனி பெய்யாத நாட்டிலே பனிப்பந்து!

அந்நோக்கம் உயர்ந்தது. நாட்டுப்புறப் பள்ளிச் சிறுவனின் வாயிலும் ஆங்கிலம் ஒலிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நானும் அதன் பயன் நுகர்ந்தவன். என் ஆசிரியர் புத்தகத்தை மேசைமேலும் மேசைக்கு அடியிலும் வைத்துக் காட்டியதனாலேதான் ‘ஆன்’, ‘அண்டர்’ என்னும் சொற்கள் என் மனத்தில் பதிந்தன. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வரும். ஆங்கிலத்தில் அதன் வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னே வரும். இவ்வேறுபாட்டை ஒரு பக்கம் விளக்கி எழுதுவதைவிட ஒரு புத்தகத்தை இடம் மாற்றி வைப்பது விரைவாக உணர்த்திவிடும். ஆயினும் பந்து உருண்டு கீழே வரவரக் கருத்துத் தேய்ந்து வடிவம் மட்டும் எஞ்சுவது இத்தகைய ஏற்பாடுகளின் இயல்பு. ஐம்பது பிள்ளைகள் ஒரே குரலில் ‘திஸ் இஸ் எ புக்’ என்று முழங்குவது பேச்சாகுமா? யாருக்கும் ஐயமில்லாத ஒன்றை யாரிடமும் சொல்லாமற் சொல்வது பேச்சன்று. அது வாயாற் செய்யும் மற்றுமொரு எழுத்துப் பயிற்சியே.

இக்குறையை உணர்ந்து அடுத்த அடியை எடுத்து வைத்தவர் என். எசு. பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். இலக்கண வரிசையும் இல்லை, திருப்பிச் சொல்லலும் இல்லை. ஒரு புகைவண்டிக் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன நேரத்தில் சென்று சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். மாணவன் மனம் பொருளிலே ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானே அவனுக்குள் உருவாகும் என்பது பிரபுவின் கொள்கை. 1987இல் அவர் வெளியிட்ட நூலால் இச்சோதனை உலகப் புகழ் பெற்றது. இதனை அளந்தறிய எடின்பரோவிலிருந்து டேவிஸ், பெரெட்டா என்னும் இருவர் முன்வந்தனர். அவர்கள் கண்டது கவனிக்கத்தக்கது. வாக்கிய அமைப்பைச் சோதித்த தேர்வில் பழைய முறையில் பயின்றவர்கள் சிறந்தார்கள். பொருளறிந்து செயலாற்றும் தேர்வில் புதிய முறையில் பயின்றவர்கள் சிறந்தார்கள். இரு சாராருக்கும் பொதுவாக அமைந்த தேர்வுகளிற் பெரும்பாலும் புதிய முறையினரே முந்தினார்கள். எனினும் முதற் செய்தியை நாம் தள்ளிவிடலாகாது. எதை விதைத்தார்களோ அதையே அறுத்தார்கள்.

இந்த வரலாற்றை மனத்திற் கொண்டு மீண்டும் திருப்பூருக்கு வருவோம். 1970களின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டு வணிகர் ஒருவர் வெள்ளை டி-சட்டைகளை நாடி வந்ததிலிருந்து ஏற்றுமதி தொடங்கிற்று என்பது ஊரார் சொல்லும் செய்தி. அதுவரை உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்த ஊர் அது. 1980களின் நடுவில் பத்துப் பதினைந்து கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2010களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாயைக் கடந்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இத்தொழிலை நடத்தியவர் யார்? உழவர் குடியிற் பிறந்து, தொழிலாளராகப் புகுந்து, உரிமையாளராக உயர்ந்தவர் பலர் என்பதைச் சரத் சாரி என்னும் அறிஞர் 2004இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

இவர்களில் பலர் ஆங்கிலம் கற்றது துபாஷிகள் கற்ற வழியிலேதான். ‘ரிப்’, ‘இன்டர்லாக்’, ‘ஓவர்லாக்’, ‘செக்கிங்’, ‘ஷிப்மென்ட்’ என்னும் சொற்கள் எழுத்தறியாத் தொழிலாளி வாயிலும் தமிழாகவே புரண்டன. பெயர்ச்சொற்கள் எளிதில் வந்துவிட்டன. பொருளைத் தொட்டுக் காட்டினால் போதுமன்றோ? வராமல் நின்றவை வினைச்சொற்களும் அவற்றைப் பிணைக்கும் சிறு சொற்களுமே. அவற்றைத் தொட்டுக் காட்ட இயலாது. அனுப்பினோமா, அனுப்பியிருக்கிறோமா, அனுப்புவோமா, அனுப்பக்கூடுமா என்னும் வேறுபாடுகளிலேதான் வணிகத்தின் உயிர் இருக்கிறது. அந்த இடத்தில் கல்லூரி படித்த இளைஞன் தேவைப்பட்டான். அவனோ வடிவங்களை அறிந்தும், வெளிநாட்டார் எதிரே அமர்ந்தால் வாய் திறக்க அஞ்சினான். பிழை செய்தால் மதிப்பெண் போகும் என்று பன்னீராண்டுகள் அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. பிழை செய்யாதிருக்க மிக எளிய வழி பேசாதிருப்பதே என்று அவன் கண்டுகொண்டான்.

நான் ஆசிரியனான பின்னர், மாலை வேளைகளில் அத்தகைய இளைஞர் சிலரோடு அமர்ந்து பயின்றதுண்டு. கடிதம் எழுதும் பிள்ளைகளும், செக்கிங் பிரிவில் வேலை செய்த பெண்களும் வருவார்கள். என் பழைய டெலக்ஸ் கதையே எங்கள் முதற் பாடம். ஒருவர் வணிகர், மற்றவர் கம்பெனியார். வணிகர் கேட்பார்: அனுப்பினீர்களா? கம்பெனியார் ‘ஹாவ் ஷிப்டு’ என்றால், உடனே வணிகர், எப்போது என்று கேட்க வேண்டும். இப்போது கம்பெனியார் நாளைச் சொல்ல வேண்டும். நாளைச் சொன்னவுடன் வினைவடிவம் மாற வேண்டும். ‘நேற்று’ என்னும் சொல் வந்தவுடன் ‘ஹாவ்’ விலகிக்கொள்கிறது. ‘வீ ஷிப்டு எஸ்டர்டே’ என்பதே முறை. தமிழில் ‘நேற்று அனுப்பிவிட்டோம்’ என்பது குற்றமன்று. ஆகவே இங்கே நம் நாக்கு இடறும். இந்த விதியை நான் கல்லூரியில் ஐம்பது முறை எழுதியிருக்கிறேன். ஆனால் ‘எப்போது?’ என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோதுதான், அது விதியாக இல்லாமல் பொறுப்பாகத் தெரிகிறது. 1986இல் அந்த வணிகர் டெலக்ஸில் எழுதாமல் நேரில் நின்று ‘எப்போது?’ என்று கேட்டிருந்தால், முதலாளி சிரித்துக்கொண்டே, “நாளைக்குங்க” என்று உண்மையைச் சொல்லியிருப்பார்.

இன்னோர் எடுத்துக்காட்டு. ‘வந்தால் தருவேன்’ என்னும் நம் தொடர், வரக்கூடியவனைப் பற்றியும் சொல்லப்படும். வருவான் என்ற நம்பிக்கை இல்லாதவனைப் பற்றியும் சொல்லப்படும். ஆங்கிலம் இவ்விரண்டையும் இருவேறு வினைவடிவங்களாற் பிரிக்கிறது. விலையைக் குறைத்தால் ஆர்டர் தருவோம் என்று வணிகர் ‘வில்’ சேர்த்துச் சொன்னால் அது பேரம். ‘வுட்’ சேர்த்துச் சொன்னால் அது பெரும்பாலும் மரியாதையான மறுப்பு. இது தெரியாமல் நள்ளிரவுவரை கணக்குப் போட்டு விலையைக் குறைத்தவர்களை நான் அறிவேன். பயிற்சியில் இவ்விரு வடிவங்களையும் அடுத்தடுத்து எழுதினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பேச்சிலே எதிரில் இருப்பவர் முகக்குறிப்போடு கேட்டால் அது காதுக்குத் தெரியும். இரண்டும் வேண்டும்.

ஆங்கிலமே எங்கும் நுட்பமானது என்று எண்ணிவிடாதீர்கள். சரக்கிலே குறை ஏற்பட்டபோது, இழப்பை ‘வீ’ ஏற்க வேண்டும் என்று ஒரு வணிகர் எழுதுகிறார் என்று கொள்வோம். அந்த ‘வீ’ யார்? அவர் தரப்பு மட்டுமா, அவரும் நாமுமா? தமிழானால் நாங்கள் என்றோ நாம் என்றோ அவர் தெளிவாகச் சொல்லியே தீர வேண்டும். ஆங்கிலம் அதனை மறைத்துவிடுகிறது. இங்கே இலக்கண நூல் துணை செய்யாது. துணிந்து திருப்பிக் கேட்கும் வாய் ஒன்றே துணை. எங்கள் மாலை வகுப்பிலே செக்கிங் வேலை செய்த ஒரு பெண்தான் இதை முதலிற் கண்டுபிடித்துக் கேட்டவர். “சார், அவரு நாங்கன்னு சொல்றாரா, நாமன்னு சொல்றாரா?” என்றார். பட்டம் பெற்ற எவருக்கும் தோன்றாத வினா அது. அவர் தமிழைக் கூர்ந்து அறிந்திருந்தார். அதனால் ஆங்கிலத்தின் இடைவெளி அவர் கண்ணிற் பட்டது.

மாணவ நண்பர்களே, என்னைக் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். துபாஷிகள் பேச்சால் கற்றனர். பல்கலைக்கழகம் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சைக் கைவிட்டது. பனிப்பந்து பேச்சை மீட்க விழைந்து அதனையும் பயிற்சியாக்கிவிட்டது. பிரபு பொருளை நடுவில் வைத்தார். ஒவ்வொரு காலத்தாரும் முன்னோர் விட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர்கள் பற்றிய மற்றொன்றை விட்டுவிட்டார்கள். பின்னலாடையைக் கூர்ந்து பார்த்தவர்க்குத் தெரியும்: அதில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஒன்றை அறுத்துவிட்டால் வரிசை முழுவதும் பிரிந்து வரும். பயிற்சியும் பேச்சும் அவ்வாறே.

ஆகவே நீங்கள் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஒரு வினைவடிவத்தை எடுத்துக்கொண்டு பத்து வாக்கியம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட்டு, ஒரு தோழரிடம் அதே வடிவத்தால் உண்மையான ஒரு செய்தியைச் சொல்லுங்கள். அவர் உங்களை இரண்டு வினா கேட்கட்டும். எங்கே தடுமாறினீர்களோ அங்கே மீண்டும் நூலைத் திறவுங்கள். உங்களுக்கு இளையவர் ஒருவருக்கு அதைக் கற்றுக் கொடுங்கள். சட்டாம்பிள்ளை முறை நம்முடையது அல்லவா? பிழை நேருமே என்று அஞ்ச வேண்டா. பேசுவதால் நேரும் பிழையை எதிரில் இருப்பவர் ஒரு வினாவால் திருத்திவிடுவார். பேசாதிருப்பதால் நேரும் பிழையைத் திருத்த எவரும் இல்லை.

முதலாளி பின்னர் என்னை விட்டுவிடவில்லை. சில திங்கள் கழித்து வேறொரு வணிகரிடமிருந்து அதே போன்ற வினா வந்தது. அவர் என் மேசையருகில் வந்து நின்று, “தம்பி, இன்னும் அனுப்பலைன்னு எழுதுங்க, வெள்ளிக்கிழமை அனுப்புவோம்னு எழுதுங்க. அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு எனக்கும் சொல்லுங்க” என்றார். நான் சொன்னேன். அவர் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை சரக்குப் போயிற்று.